கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த அம்பு

எங்கள் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். அதற்காகவே போட்டது. மன்னார்குடியில் எங்கள் தெருவிலேயே முதலில் கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட்டது நான்தான் என்று மூன்று வருஷமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பழைய சிவப்பு சிமெண்டுத் தரையை உடைக்க ஆள் வந்த அன்று என் வீட்டுக்காரர் சொன்னார்: “இந்தத் தரையே போதும். பளபளப்பெல்லாம் வேணாம், வழுக்கும்.” அவர் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் முன்னால் ஒரு தடவை சொல்வார், காரியம் கெட்ட பிறகு ஒரு தடவை சொல்வார். பின்னால் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: “நான் அப்பவே சொன்னேன்.” நான் முப்பத்து நாலு வருஷம் கணக்கு டீச்சர். சொல்லிப் பழக்கமே தவிர கேட்டுப் பழக்கமில்லை. உடைக்கச் சொல்லிவிட்டேன்.

போன ஐப்பசியில் அடைமழை. கொல்லையில் மோட்டாரை நிறுத்திவிட்டு ஈரக்காலோடு உள்ளே வந்தவர், கூடத்தில் நாலாவது அடி வைக்கும்போது விழுந்தார். இடுப்பு எலும்பு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. மூன்றாவது நாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் எட்டு அடி நடந்தார். நர்ஸ் பெண்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தை மாதம் திருக்கடையூரில் எழுபதாம் கல்யாணத்துக்கு ஆகிவிடுவார் என்று அங்கேயே பெங்களூர் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அறுபதுக்குச் செய்யவில்லை. அப்போது ரிட்டயர் ஆகியிருந்தும், தாலுகா ஆபீஸில் ஏதோ ஜமாபந்திக்கு உதவக் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். அந்தக் குறை எனக்கு இருந்தது.

வீட்டுக்குக் கூட்டி வந்து, கட்டிலில் உட்காரவைத்து, வாக்கரை முன்னால் வைத்தோம். வலது காலைத் தரையில் வைத்தார். குனிந்து தரையைப் பார்த்தார். தரையில் அவர் முகம் தெரிந்தது.

“வழுக்குது” என்றார். காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். அன்றோடு சரி. தினமும் காலையில் பிசியோதெரபி செய்யும் பெண் வருவார். படுத்த இடத்திலேயே காலை மடக்குவார், நீட்டுவார், தூக்குவார். எல்லாவற்றுக்கும் இவர் ஒத்துழைப்பார். “இறங்கலாமாங்கய்யா?” என்று கேட்டால் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலி. அதற்கு மாற்றும்போதுகூடப் பாதம் தரையில் படாமல் இருக்க என் செருப்புக் காலின் மேல் தன் காலை வைப்பார். திருக்கடையூர் பேச்சை எடுத்தேன். “சக்கர நாற்காலியில உக்காந்து மாலை மாத்திக்க மாட்டேன். வேணாம்னு பெங்களூருக்குச் சொல்லிடு” என்றார்.

அந்தப் பிசியோ பெண் ஒரு நாள் என்னை அடுப்படிக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். “எலும்பு நல்லா கூடிருச்சும்மா. பயம்தான் போகலை. இப்படியே இன்னும் ஒரு மாசம் படுத்துட்டார்னா தொடைச் சதை கரைஞ்சுரும். அப்புறம் அவர் நடக்கணும்னு நினைச்சாலும் கால் கேக்காது.”

நான் உப்பு டப்பாவைத் திறந்து, ஏன் திறந்தேன் என்று தெரியாமல் மூடினேன்.

இதில் எனக்குப் பெரிய வேதனை எது தெரியுமா? அந்த மனுஷர் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பால் திரிந்தால் சொல்வார், பஸ் போய்விட்டால் சொல்வார், மாப்பிள்ளை வாங்கிய கார் மக்கர் பண்ணினால் சொல்வார். இடுப்பு உடைந்து கிடக்கிறார், சொல்லவில்லை. நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஈரக்காலைத் துடைத்துவிட்டு வந்தால் என்ன? கால்மிதி எதற்குக் கிடக்கிறது? அந்த மழையில் மோட்டாருக்கு என்ன அவசரம்? எல்லாம் தொண்டையிலேயே கிடந்தன. அவர் திட்டியிருந்தால் நான் இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பேன்.

தரைக்கு என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். கயிற்றுப் பாய் போட்டேன், அது வாக்கரோடு சேர்ந்து நகர்ந்தது. சாக்கைப் பிரித்து விரித்தேன், சுருண்டது. ரப்பர் மிதியடி வரிசையாகப் போட்டேன், ஒன்றில் நானே தடுக்கிக் கதவைப் பிடித்து நின்றேன். பிசியோ பெண் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார். “லூசா கிடக்கிற எதுவும் ஆகாதும்மா. பாங்க், ஆபீஸ்ல எல்லாம் சதுரம் சதுரமா ஒட்டியிருப்பாங்களே, கார்ப்பெட் டைல், அதை அறை முழுக்கப் போட்டுருங்க. ஓரம் தூக்காது, கால் தடுக்காது.”

சரி என்று தஞ்சாவூருக்குக் கார் வைத்தேன். இந்தச் செய்தி எப்படித்தான் நீடாமங்கலத்துக்குப் போனதோ, என் நாத்தனார் போன் பண்ணிவிட்டாள். அவருக்கு ஒரே தங்கை. “அண்ணி, தரை வாங்கப் போறீங்களாமே. தனியாப் போய் மறுபடி கண்ணாடி வாங்கிட்டு வந்துறாதீங்க. இந்தப் பக்கமா வாங்க, நானும் வர்றேன்.” அவள் ஒருத்தி போதும், அண்ணனுக்குப் பதிலாகப் பேச. வடுவூர் வழியாக நேரே போக வேண்டியவள் நீடாமங்கலம் போய், அங்கே ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்று, கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணி, அவளை ஏற்றிக்கொண்டு போனேன். ஜன்னலுக்கு வெளியே சம்பா கதிர் வாங்கி நின்றது. அவள் ராகுகாலம் எப்போது என்று செல்போனில் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடையில் எங்களைக் கவனிக்க வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. உட்காரவைத்து, தண்ணி கொடுத்து, ஒரு தடித்த சாம்பிள் புத்தகத்தைப் பிரித்தார்.

“ட்ராஃபிக் எவ்வளவு மேடம்?” என்றார்.

“எங்க தெருவுலயா?”

“இல்ல மேடம். அந்த அறையில எத்தனை பேர் நடப்பாங்க? லைட் ட்ராஃபிக், மீடியம், ஹெவின்னு இருக்கு. ஆள் நடமாட்டத்துக்குத் தகுந்த மாதிரி டைல்.”

“ஒரே ஒரு ஆள்தான் நடக்கணும்” என்றேன். “அவரும் நடக்க மாட்டேங்கிறார்.”

அவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். அவருடைய பட்டியலில் அந்த வகை இல்லை போலிருக்கிறது. பிறகு மளமளவென்று ஆரம்பித்தார். “இதுல லூப் பைல் இருக்கு, கட் பைல் இருக்கு மேடம். பைல் ஹைட் மூணு எம்எம்லேர்ந்து கிடைக்கும். சொல்யூஷன் டைடு நைலான். பேக்கிங் பிட்டுமென், பிவிசி ரெண்டும் உண்டு. டாக்கிஃபையர் தனி. மோனோலிதிக்காவும் போடலாம், குவார்ட்டர் டர்னும் போடலாம், ஆஷ்லரும் போடலாம்.”

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். என் முன்னால் யாராவது அர்த்தம் தெரியாமல் ஒரு வார்த்தை சொன்னால் கையில் சாக்பீஸ் இருக்கிற மாதிரியே ஆகிவிடும். “நில்லுங்க” என்றேன். அவர் ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தார். “ஒண்ணொண்ணா வாங்க. பைல்னா என்ன?”

“பைல்னா... பைல்தான் மேடம்.”

“அது விடையில்லை.”

நாத்தனார் என் முழங்கையை இடித்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. அவர் பாவம், சாம்பிளை எடுத்து விரலால் தடவிக் காட்டினார். மேலே நிற்கிற நூல்தான் பைல். அந்த நூலை மடக்கி, தலையை வெட்டாமல் விட்டால் லூப் பைல். தலையை வெட்டிவிட்டால் கட் பைல். வெட்டியது மெத்துமெத்தென்று இருக்கும், கால் புதையும். வெட்டாதது சொரசொரப்பாக இருக்கும், தேய்ந்து போகாமல் வருஷக்கணக்கில் உழைக்கும்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். வீட்டில் வேலை செய்யும் அம்மாதான் எடுத்து அவர் காதருகே வைத்தார். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து எதிலும் அக்கறை காட்டாத மனுஷர், கேட்டு வைப்போமே என்றுதான். லூப், கட் இரண்டையும் சொன்னேன். அந்தப் பக்கம் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

“அறுக்காத பயிரு, அறுத்த தாளு” என்றார் கடைசியில். “அறுக்காததை எடு. உயரம் கம்மியா எடு. உயரமா இருந்தா சாஞ்சுக்கும்.”

“ஆமாங்க சார்” என்றார் கடைக்காரர், போனைப் பார்த்துக் குனிந்து. “அதுக்குத்தான் பைல் டைரக்ஷன்னு பேரு. நூல் ஒரு பக்கமாத்தான் சாயும்.”

“எடை எவ்வளவு?”

கடைக்காரர் ஒரு எண் சொன்னார்.

“மொத்த எடையா, நூல் எடையா? அடியில இருக்கிறதையும் சேர்த்துச் சொன்னீங்கன்னா அது ஈர நெல்லை நிறுத்த மாதிரி. நூலை மட்டும் சொல்லுங்க.”

கடைக்காரர் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியை மாட்டி, பொடி எழுத்தில் தேடிச் சொன்னார். எண் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. “ம்” என்றார் இவர். அந்த ‘ம்’ எனக்குத் தெரியும். வரப்பை நகர்த்தி வைத்தவனைக் கண்டுபிடித்துவிட்டால் சொல்கிற ‘ம்’. ஒன்றரை மாதமாக அதைக் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. பதிலாக, “அடுத்து பேக்கிங், சொல்லுங்க” என்றேன்.

பேக்கிங் என்றால் டைலின் அடிப்பக்கம். அதில் பிட்டுமென் என்பது தார், பிவிசி கொஞ்சம் விறைப்பு, தரையோடு படிந்து உட்காரும். மெத்தை வைத்த அடியும் உண்டு, ஆனால் வாக்கர் வைத்து நடக்கிறவருக்கு அது ஆகாது, கால் ஆடும். டாக்கிஃபையர் ஒரு பசை. காய்ந்த பிறகும் லேசாகப் பிசுபிசுவென்றிருக்கும், டைலை நகரவிடாது, வேண்டுமானால் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்துக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம். எல்லா டைலையும் ஒரே திசையில் போட்டால் மோனோலிதிக், ஒன்றுவிட்டு ஒன்று குறுக்கே திருப்பிப் போட்டால் குவார்ட்டர் டர்ன், செங்கல் கட்டுகிற மாதிரி பாதி தள்ளிப் போட்டால் ஆஷ்லர். இவ்வளவும் ஒரு மணி நேரத்தில் கடைக்காரர் வாயிலிருந்தே வாங்கினேன். கடைசியில் மனுஷருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “நானே இத்தனை வருஷமா இதை இப்படி யோசிச்சதில்ல மேடம்” என்றார்.

நிறம் என் நாத்தனார் பொறுப்பு. கறுப்பு கூடாது, சாம்பல் கறுப்புக்குத் தம்பி, சிவப்பு ஆஸ்பத்திரியை நினைவுபடுத்தும், பச்சையில் காலில் பூச்சி ஊர்ந்தால் தெரியாது. எல்லாம் கழித்து வைக்கோல் நிறம் ஒன்று மிஞ்சியது. அதில் மூன்று பெட்டிதான் ஒரே டை லாட், மீதி இரண்டு வேறு டை லாட் என்றார் கடைக்காரர். ஒரே தடவையில் சாயம் ஏற்றினது ஒரு லாட். அடுத்த தடவை ஏற்றினால் அதே எண், அதே பேர், ஆனால் நிறம் ஒரு நூல் தள்ளிப்போகும். இதை மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புடவைக்கு ரவிக்கைத் துணி தேடாத பெண் யார் இருக்கிறாள்? ஐந்தும் ஒரே லாட்டில்தான் வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் ஒரே குரலில் சொன்னது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். திருச்சியிலிருந்து வரவழைத்துத் தந்தார்கள்.

போடுவதற்கு மேஸ்திரி ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். வேலைக்கு ஆள் வருகிறார்களே, வீடு அழுக்காக இருக்கலாமா என்று விடியற்காலையிலேயே அறையை வாளித் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வேறு. மேஸ்திரி உள்ளே வந்தார். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். இடுக்கில் விரலை விட்டார். திறந்த பசை டின்னைத் திரும்ப மூடினார்.

“ஈரத்துல இந்தப் பசை பிடிக்காதுங்க. மார்கழிப் பனி வேற. நல்லா காயட்டும், ஞாயித்துக்கிழமை வர்றேன்” என்று போய்விட்டார்.

நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். கூரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த வாளியை எடுத்துக் கொல்லையில் விட்டெறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. அறையின் நடுவில் நூல் பிடித்துக் கோடு போட்டு, முதலில் ஒரு பாதி. அது முடிந்ததும் அவரை நாற்காலிக்கு மாற்றி, கட்டிலைக் கார்ப்பெட்டின் மேல் தள்ளி, மறுபடி படுக்கவைத்தோம். கட்டில் சுவரோரமாக இரண்டு டைல் அகலத்துக்கு நின்றது. அதற்கு முன்னால் மூன்று டைல். அதோடு கோடு முடிந்தது. அந்தப்பக்கம் பழைய கண்ணாடித் தரை, அதற்கப்பால் ஜன்னல்.

மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்தாள். நீடாமங்கலம் கேட் அன்றைக்கும் மூடியிருந்ததாம், இல்லையென்றால் ஆரம்பத்திலேயே வந்து மேற்பார்வை பார்த்திருப்பாள். மீதி டைல்களில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்ன அம்பு?”

எல்லா டைலின் அடியிலும் ஒரு அம்பு அச்சிட்டிருந்தது. நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்ட. மேஸ்திரி விளக்கினார். குவார்ட்டர் டர்ன், ஒரு அம்பு இப்படி, பக்கத்து அம்பு அப்படி என்று கையால் காட்டினார்.

அவள் அவர் கை போன திசையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணி. ஜன்னல் பக்கம் வடக்கு. அப்ப இவரு காட்டுற இந்தப் பக்கம் தெற்கு. எங்கண்ணன் படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியில, எமன் திசையைப் பாத்து அம்பு போட்டு ஒட்டி வச்சிருக்கீங்க.”

“ஆபீஸ்ல போடுறப்ப யாரும் இதைக் கேக்கலீங்க” என்றார் மேஸ்திரி.

“ஆபீஸ்ல யாரு படுத்துக் கெடக்கிறா?”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளிடம் நிரூபணம் கேட்டவள். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் என் கண்ணும் அம்பு எந்தப் பக்கம் என்று தேடியது. ஒரு தடவை யார் பேச்சையும் கேட்காமல் தரை போட்டு என்ன ஆயிற்று என்று பார்த்தாகிவிட்டது. “எல்லாத்தையும் வடக்க திருப்பிப் போட்டா என்னங்க?” என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

“வடக்க தலை வச்சுப் படுக்கக் கூடாதுல்ல?” என்றாள் நாத்தனார்.

“அம்புக்கு ஏது தலை?”

“முனைதானே தலை?”

“முனை போற பக்கம் கால்னு வச்சுக்கயேன்.”

“அம்பு காலை முன்னால விட்டா போகும்?”

இதற்கு மேஸ்திரியும் பதில் சொல்ல முயன்றார். மேற்கை அவள் ஒப்புக்கொள்ளவில்லை, சூரியன் இறங்குகிற பக்கம். கடைசியில் கிழக்கு ஒன்று மிஞ்சியது. எல்லா அம்பும் கிழக்கே. “அப்ப அது மோனோலிதிக் ஆயிரும். இந்த டிசைனுக்குப் பட்டை பட்டையாத் தெரியும்” என்றார் மேஸ்திரி. தெரியட்டும் என்றோம். ஒட்டியது மொத்தத்தையும் பிய்த்து எடுக்க வேண்டும், கட்டிலை மறுபடி நகர்த்த வேண்டும். சரி என்றோம். மேஸ்திரி பெருமூச்சு விட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“கிழக்கு எது?” என்றது கட்டில்.

மூன்று பேரும் திரும்பினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டிருந்தார்.

“இதோ, இந்தச் சுவரு” என்றாள் தங்கை.

“அது கிழக்கு இல்ல. ஜன்னலும் வடக்கு இல்ல.”

“என்னண்ணே சொல்றீங்க? முப்பது வருஷமா இதுதானே வடக்கு?”

“நம்ம தெரு குளத்துக்காக வளைஞ்சு போகுது. வீடு தெருவோட போகுது. திசை எங்க போகுமோ அங்க போகும். இந்த மனையை நான்தான் அளந்தேன். நீங்க வடக்குன்னு சொல்றது கொஞ்சம் வடகிழக்கே சாஞ்சிருக்கு. நீங்க போட்ட அம்பு ஒண்ணுகூட எந்தத் திசையையும் நேராப் பாக்கலை.”

எனக்கு முதலில் தோன்றியது அம்பு அல்ல. பூஜை அலமாரி. முப்பது வருஷமாக நான் கிழக்கு என்று விளக்கேற்றி வைத்தது எந்தப் பக்கம்? “இதை ஏங்க இத்தனை நாள் சொல்லலை?” என்றேன்.

“யாரும் கேக்கலை.”

தங்கை விடுகிற ஆளா. “நான் நம்ப மாட்டேன். வீடு கட்டினப்ப அப்பாவே பாத்தாரு, இதுதான் வடக்குன்னாரு.”

அவர் கண்ணைத் திறந்தார். அவருடைய அளவைச் சந்தேகப்பட்டவர்களை அவர் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. “ஜன்னல்கிட்ட போய்ப் பாரு. கோயில் கோபுரம் தெரியும். அது நேர் கிழக்கு பாத்து நிக்குது. அதையும் நம்ம சுவத்தையும் சேத்துப் பாரு.”

அவள் போய்ப் பார்த்தாள். “நேராத்தான் இருக்கு.”

“கோணலா இருக்கும், நல்லா பாரு.”

“நேரா இருக்குண்ணே.”

“உனக்குக் கோணமும் தெரியலை, கோடும் தெரியலை. தள்ளு, நான் காட்டறேன்.”

சொல்லிக்கொண்டே போர்வையை ஒதுக்கினார். காலைக் கீழே தொங்கவிட்டார். வாக்கரை இழுத்தார். எழுந்தார்.

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக் கிள்ளினேன். மேஸ்திரி மூச்சுவிடாமல் நின்றார்.

அவர் காலடியில் வைக்கோல் நிறம். வாக்கர் சத்தமே போடவில்லை. பழைய தரையில் அது கிரீச் கிரீச்சென்று கத்தும். முதல் டைலைக் கடந்தார். ஜன்னலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், கோபுரம் ஓடிவிடப் போகிறது என்பது போல. இரண்டாவது டைல். நான் என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒரு டைல் அரை மீட்டர். மூன்றாவது டைலின் நடுவில் வாக்கரின் முன்கால் கோட்டுக்கு வந்தது. கார்ப்பெட் முடிந்துவிட்டது.

அங்கே நின்றார். குனிந்து பார்த்தார். முன்னால் பழைய தரை, துடைத்து, காய்ந்து, பளபளவென்று. அதில் வாக்கர் தெரிந்தது, லுங்கி தெரிந்தது, அவர் முகம் தெரிந்தது.

போச்சு, இப்போது உட்காரப் போகிறார் என்று நான் தாங்கப் போனேன். கோட்டைத் தாண்டி அந்தக் கண்ணாடித் தரை வழியாக அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. தரையை நன்றாக ஒரு தடவை பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நான் அப்பவே சொன்னேன்” என்றார். “இந்தப் பளபளப்பு வேணாம், சிமெண்டே போதும்னு. கேட்டியா?”

ஐம்பத்து மூன்று நாள். ஈரக்கால், கால்மிதி, மோட்டார், அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தன. “கேக்கலைங்க” என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி நின்று அழுதேன், மேஸ்திரி பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல், கண்ணீர் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் இறங்கித் தரையில் சொட்டியது.

அவர் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார், நிமிர்ந்து, இரண்டு காலிலும்.

“இங்க நின்னு அழாத” என்றார். “தரை ஈரமானா பசை பிடிக்காது.”

“ஆமாங்க மேடம்” என்றார் மேஸ்திரி.